சிசிலியைப் பரிமாறிய கதை

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் என் குரல் கரைந்துபோகும். அந்தக் கம்பளியை ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல் சேர்ந்து போர்த்திக்கொள்ளுங்கள். இங்கிலீசு படிக்க ஆசைப்பட்ட ஒரு பெண்ணை ஒரு பெரிய கழகம் எப்படிக் கடல் தாண்ட வைத்தது என்று சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். நடுவிலே அழுகை வந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எழுபதுகள் முடிகிற காலம். தலவாக்கலைக்கு மேலே, திம்புள்ளப் பக்கம், பனிக்கலைத் தோட்டம். அங்கே கஸ்பர் என்று ஒருவர் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். கத்தியை எடுத்தால் ஒரு மலையையே ஒரே மட்டமாக நறுக்கிவிடுவார். வாயைத் திறந்தால் மட்டும் எதை எங்கே நறுக்குவது என்று தெரியாது. மனைவி பவுலின் கொழுந்து எடுப்பவள். ஒரே மகள் சிசிலி.

சிசிலிக்கு டீச்சராக வேண்டும். கொழும்பில் அல்ல, கண்டியில் அல்ல, பனிக்கலைப் பள்ளிக்கூடத்திலேயே. அந்தப் பள்ளிக்கூடம் ஒரு நீளக் கொட்டகை. ஒரே வாத்தியார். அவர் ஒரு வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது பக்கத்து வகுப்பு அதைப் பாட்டென்று நினைத்துக் கைதட்டும். அதிலே படித்து, பிறகு தலவாக்கலைக்கு நடந்து நடந்து படித்து, பெரிய பரீட்சை எழுதினாள். எல்லாப் பாடமும் கிடைத்தது, இங்கிலீசு கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? இங்கிலீசு சொல்லிக்கொடுக்க வந்த மாஸ்டர் முதல் மழையிலேயே அட்டைக்குப் பயந்து மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். இங்கிலீசு இல்லாவிட்டால் டீச்சர் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்படி இருக்கையில் ஒரு காலை, எல்லோரும் வேலை பிரித்துக்கொள்ள நிற்கிற பெரட்டுக் களத்தில், ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் யேசுரட்ணம். நுவரெலியாவில் இருந்த ஆசிய மாணவர் ஆங்கில நேசப் பரிமாற்றக் கழகத்தின் செயலாளர். அவருடைய அப்பாவும் ஏதோ ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர்தானாம். அதை அவரிடம் ஞாபகப்படுத்தக் கூடாது என்று கார் டிரைவர் முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லி வைத்தார்.

யேசுரட்ணம் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றார்.

"தொழிலாளப் பெருமக்களே! எமது கழகத்தின் கதவுகள் அனைவருக்கும் திறந்தே இருக்கின்றன. ஆயினும் சப்பாத்து அணியாதோர் கம்பளத்தில் கால் வைக்கலாகாது என்றொரு சிறு விதி உண்டு. ஆகவே நீங்கள் வரவேண்டாம் என்று நாமே வந்துவிட்டோம். ஜப்பான் நாட்டிலிருந்து ஒரு மாணவி ஆங்கிலம் கற்க எமது நுவரெலியாவுக்கு வருகிறார். அதற்கு ஈடாக இங்கிருந்து ஒரு மாணவி ஆங்கிலம் கற்க ஜப்பானுக்குச் செல்வார். இதுவே மாணவர் பரிமாற்றம்!"

அங்கேயிருந்து இங்கிலீசு படிக்க இங்கே வருகிறாள், இங்கேயிருந்து இங்கிலீசு படிக்க அங்கே போகிறாள் என்றால் இங்கிலீசு எங்கே இருக்கிறது என்று பெரட்டில் யாரும் கேட்கவில்லை. பெரட்டில் கேள்வி கேட்கிற வழக்கம் இல்லை.

கஸ்பர், லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற வேலாயியிடம் குனிந்தார். "என்னா சொல்றாரு?"

"பரிமாத்தமாம்ண்ணே."

"பரிமாறுறதா? யாரு வீட்டு விசேசம்?"

வேலாயிக்கு நாக்கில் எப்போதும் உப்பு இருக்கும். "ஜப்பான்காரன் வீட்டு விசேசம். இங்கேருந்து ஒருத்தி போயி அவுங்களுக்கு எல போட்டு சோறு வைக்கணும். அங்கேருந்து ஒருத்தி வந்து நம்மளுக்கு வைப்பா."

"நம்மளுக்கு வைக்க இங்க என்னா இருக்கு?" என்றார் கஸ்பர், மெய்யாகவே கவலைப்பட்டு.

சிசிலி சிரித்துவிட்டாள். "அப்பா, பரிமாறுறது இல்லப்பா, பரிமாற்றம். ஒருத்தரக் குடுத்து ஒருத்தர வாங்கிக்கிறது."

"ஆளக் குடுத்து ஆளப் பிரிச்சிக்கிறதா? அதத்தான் ரெண்டு கவர்மெண்டும் பண்ணிக்கிட்டு இருக்கே!"

உங்களுக்கு அது தெரியாது, கண்ணுகளா. அந்தக் காலத்தில் நம் சனங்களை இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தன. இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று. எந்தப் பங்கில் விழுந்தோம் என்று தெரியாமல் லயம் லயமாகக் காத்துக் கிடந்தார்கள். கஸ்பர் இலங்கை வேண்டும் என்று எழுதிப் போட்டார், இல்லை என்று வந்தது. யாரோ சொல்லி இந்தியாவுக்கு எழுதிப் போட்டார், ஒன்றுமே வரவில்லை. எனவே அவருக்குப் பரிமாற்றம் என்ற வார்த்தையே பிடிக்கவில்லை. ஆனால் மகளின் முகத்தைப் பார்த்தார். அதிலே அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்து நாளாகியிருந்தது.

"ஒரு வருசம் படிச்சிட்டு வந்தா டீச்சர் வேலைக்குக் கூப்பிடுவாங்கப்பா."

"சரிம்மா" என்றார்.

தேர்வு நுவரெலியாவில், கழகத்துத் தலைவியின் பங்களாவில் நடந்தது. தலைவி ஒரு பழைய துரையின் விதவை. அவரை எல்லோரும் துரைசாணி என்றுதான் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து தமிழ்ச் சனங்களுக்கு நடுவே இருந்தவர், "இங்கே வா", "தண்ணி", "சீக்கிரம்" என்ற மூன்று சொல்லுக்கு மேல் தமிழ் அவருக்குத் தேவைப்படவில்லை.

கஸ்பர் மாதா கோயில் உபதேசியாரின் சப்பாத்தை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி மகளோடு போனார். சிசிலிக்கு இங்கிலீசில் எவ்வளவு தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. பாண் ரொட்டியை முள்கரண்டியால் குத்திச் சாப்பிடச் சொன்னார்கள். பிறகு தேநீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்கள். குளிருக்கு அவள் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் குடித்தாள். துரைசாணி வருத்தத்தோடு தலையாட்டினார். சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு குடிக்க வேண்டுமாம். தேயிலை பறிக்க எல்லா விரலும் வேண்டும், குடிக்க ஒரு விரலை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் கஸ்பருக்குத் தெரிந்தது.

அடுத்தது படம் பிடிப்பது. யேசுரட்ணம் சிசிலியை மேலும் கீழும் பார்த்தார்.

"பொட்டு எங்கே? மூக்குத்தி எங்கே?"

"நாங்க வேதக்காரங்கங்க" என்றார் கஸ்பர். "பொட்டு வைக்கிறதில்லீங்க."

"நானும் வேதக்காரன்தான். ஆனால் படத்தில் நிற்பது நானல்லவே! இது ஜப்பானுக்குப் போகிற படம். நாட்காட்டியில் தோட்டத்துப் பெண் எப்படி இருப்பாளோ அப்படி இருந்தால்தான் அவர்களுக்கு விளங்கும். கூடை கொண்டுவரச் சொல்லுங்கள்."

"ஐயா, எம்மக கூடையத் தூக்குனதில்லீங்க. அது படிக்கிற புள்ள."

"படிக்கிற பிள்ளையைப் படம் பிடித்து என்ன பயன்? படிக்கிற பிள்ளை ஜப்பானிலும் உண்டு."

பங்களாவில் கொழுந்து இல்லை. காய்கறிப் பாத்தியிலிருந்து லீக்ஸ் இலையை நறுக்கிக் கூடையில் பரப்பினார்கள். சிசிலி பொட்டும் கூடையுமாக நின்று சிரித்தாள். படம் மிக நன்றாக வந்தது. அவள் தெரிவாகிவிட்டாள்.

பனிக்கலையில் அன்றைக்கு யார் காம்பராவிலும் அடுப்பு எரியவில்லை, எல்லோரும் பவுலின் வீட்டில்தான். வேலாயி சிசிலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அடியே, ஜப்பான்ல போயி அத்தைய மறந்துறாத. டீச்சரா வந்தியன்னா மொத அடி எங்க வீட்டுப் பயலுகளுக்குத்தான் போடணும்" என்றாள். பவுலின் மகளின் மாற்றுச் சட்டைக்கு விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டே இருந்தாள், முடிந்த பிறகும்.

ஜப்பான் பெண் நானுஓயா ஸ்டேசனில் வந்து இறங்கினாள். பெயர் மிச்சிகோ. "பிச்சிக்கோன்னு வச்சிருந்தா கொழுந்து பிச்சிருக்கலாம்" என்றாள் வேலாயி. பாண்டு வாத்தியம் முழங்க அவளைப் பங்களாவுக்குக் கொண்டுபோனார்கள். பாவம், சின்னப் பெண். மாலைக்கு உள்ளேயிருந்து கண் மட்டும் தெரிந்தது.

மறுவாரம் யேசுரட்ணம் கஸ்பரைக் கூப்பிட்டனுப்பினார்.

"பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். எந்த நாடு?"

"தலவாக்கலைங்க."

"நாடு என்று கேட்டேன்."

"அத அவங்கதாங்க இன்னும் சொல்லல."

"யார்?"

"ரெண்டு பேருந்தாங்க."

யேசுரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். கஸ்பர் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தார். "அப்படியானால் உமது மகள் எங்கிருந்துதான் போவாள்?"

"லயத்துல இருந்துதாங்க" என்றார் கஸ்பர்.

கழகத்தின் அவசரக் கூட்டம் கூடியது. வாசற்படிக்கு வெளியே, கம்பளம் தொடங்குவதற்கு முன்னால், கஸ்பரும் சிசிலியும் நின்றார்கள். துரைசாணி பேசினார், யேசுரட்ணம் தமிழில் சொன்னார்:

"எமது கழகம் எல்லைகளை நம்புவதில்லை. மனிதரெல்லாம் ஒரு குடும்பம் என்பது எமது கொள்கை. எனினும் ஓர் எல்லைக்குள் இல்லாத ஒருவரை எப்படி எல்லை தாண்டச் செய்வது என்பதற்கு எமது விதிகளில் வழியில்லை. எனவே, நாடு கிடைக்கும்வரை இம்மாணவிக்கு உள்ளகப் பரிமாற்றம் வழங்கத் தீர்மானிக்கிறோம். அவர் இந்த இல்லத்திலேயே தங்கி, காலை முதல் இரவுவரை இயற்கையாகவே ஆங்கிலத்தைச் செவிமடுக்கலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். கஸ்பரும் தட்டினார். எதற்கு என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் யோசித்தார்.

இயற்கையாகவே ஆங்கிலம் கேட்கிற இடம் குசினி. சமையற்காரர் அழகன் அவளுக்கு ஒரு வெள்ளை ஏப்ரனைக் கொடுத்தார். "என்னாம்மா இது?" என்று அவரே கேட்டார். "ஒன்னியப் படிக்க வைக்கக் கூட்டியாந்ததா சொன்னாங்களே."

"படிப்புதான் அண்ணே. காதால படிக்கணுமாம்."

காதால் படித்தாள். சூப் கொண்டா, இன்னும் கொஞ்சம் குழம்பு, அதில்லை மற்றது, கோப்பையை எடு, கதவைச் சாத்து. துரைசாணி சொன்ன இங்கிலீசு எல்லாம் இவ்வளவுதான். விருந்தாளிகள் வந்தால் இதையே கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து கஸ்பர் மகளைப் பார்க்கப் போனார். முன்வாசலில் சப்பாத்து விதி, ஆகவே பின்வாசல். மகள் தட்டு நிறைய இறைச்சியை ஏந்திக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் போவதைப் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் இடப்பக்கமாகக் குனிந்து குனிந்து வைத்தாள். திரும்பி வந்தபோது அப்பா அடுப்புப் பக்கத்தில் நிற்பதைக் கண்டு தட்டைக் கீழே வைத்தாள்.

"நாந்தான் சொன்னேனே" என்றார் கஸ்பர். "பரிமாறுறதுன்னு."

அவள் ஏப்ரன் நுனியால் கையைத் துடைத்தாள், காய்ந்த கையைத்தான்.

"வீட்டுக்கு வந்துரும்மா."

"வந்தா ஜப்பானுக்கு வேற புள்ளைய எடுத்துருவாங்கப்பா. நாடு கெடைக்கிற வரைக்கும் இங்க இருந்தாத்தான் எம்பேரு இருக்கும்."

"நாடு எப்பம்மா கெடைக்கும்?"

"அது நீங்கதானேப்பா கேட்டிருக்கீங்க."

கஸ்பர் தலையைக் குனிந்துகொண்டார். நாடு கிடைக்காதது தம்முடைய குறை என்று அந்த மனுசன் நினைத்துவிட்டார், கண்ணுகளா. பிள்ளைக்குச் சட்டை வாங்கிக் கொடுக்க முடியாத தகப்பன் நிற்பது போல நின்றார். அழகன்தான் அவருக்கு ஒரு கோப்பை சாயத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "குடிங்கண்ணே, இங்க வெரல நீட்ட வேணாம்" என்றார்.

மிச்சிகோவின் கதை வேறு. அவளுக்கு மேலே பெரிய அறை, பூப்போட்ட மெத்தை. ஆனால் அவளோடு பேசத்தான் ஆள் இல்லை. படம் பிடிக்கும்போது மட்டும் துரைசாணி அவள் தோளில் கை போடுவார், படம் முடிந்ததும் எடுத்துக்கொள்வார். குளிரும் தனிமையும் தாங்காமல் அந்தப் பெண் மெதுவாகக் குசினிக்கு இறங்கி வந்தாள். அடுப்புப் பக்கத்தில் சிசிலி உருளைக்கிழங்கு உரிப்பதைப் பார்த்துத் தானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இங்கிலீசு படிக்க வந்தவள் அல்லவா? விரலை நீட்டி நீட்டிக் கேட்டாள். சிசிலி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அதுவும் சந்தோசமாக, ஏனென்றால் அவளிடம் ஒருத்தி பாடம் கேட்பது அதுதான் முதல் தடவை. லைன் என்கிற லயம் இங்கிலீசு. பரேடு என்கிற பெரட்டு இங்கிலீசு. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு, பங்களா, பாஸ்போட்டு எல்லாம் இங்கிலீசு. நம் வாயில் அரைபட்டு உருண்டு திரண்டு போயிருந்தாலும் இங்கிலீசுதானே. மிச்சிகோ ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். தலையைக் குனிந்து நன்றி சொன்னாள்.

அங்கேதான் கோளாறு ஆயிற்று. இத்தனை சொல் இங்கிலீசு என்றால் மிச்சமும் அப்படித்தானே என்று அந்தப் பெண் முடிவுசெய்துகொண்டாள். சிசிலியும் அழகனும் பேசுவதையெல்லாம் காதில் வாங்கினாள். "கும்புடுறேங்க" என்பது இங்கிலீசு. "சோறு வெந்துருச்சு" இங்கிலீசு. "என்னா குளுரு, எலும்புக்குள்ள போவுது" நல்ல இங்கிலீசு. சிசிலிக்கு அது புரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. அதைத் திருத்தவும் அவளுக்கு வழியில்லை. இது இங்கிலீசு இல்லை என்று சொல்வதற்கும் இங்கிலீசு வேண்டுமே!

வருடம் முடிந்து மிச்சிகோ புறப்படுகிற காலம் வந்தது. கழகம் பெரிய விழா எடுத்தது. கொழும்பிலிருந்து ஒரு பிரமுகர் வந்தார். சபை நிறைவாகத் தெரிய வேண்டும் என்று பனிக்கலையிலிருந்து லொறியில் சனங்களை ஏற்றிவந்து பின்னால் தரையில் உட்கார வைத்தார்கள். சிசிலி தேநீர்த் தட்டோடு கதவோரம் நின்றாள்.

"இப்போது எமது மாணவி தாம் பெற்ற பயிற்சியின் பலனைக் காட்டுவார்" என்று யேசுரட்ணம் அறிவித்தார்.

மிச்சிகோ ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்தாள். இடுப்பு வரைக்கும் குனிந்து நிமிர்ந்தாள். தன்னால் முடிந்த நல்ல இங்கிலீசில், மணி மணியாக, பேச ஆரம்பித்தாள்.

"எல்லாருக்கும் கும்புடுறேங்க. நா மிச்சிகோ. நா வந்தேன், சிசிலி சோறு போட்டுச்சு. சிசிலி எனக்கு பாச சொல்லிக் குடுத்துச்சு. சிசிலி குசினில படுக்குது. குளுரு. சிசிலிக்கு புஸ்தகம் இல்ல. நா வந்தேன், நா போறேன். சிசிலி எப்பங்க போவும்?"

பின்னால் இருந்த சனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். முன்னால் இருந்தவர்கள் அது ஜப்பான் பாசை என்று நினைத்து மரியாதையோடு தலையாட்டினார்கள். கொழும்புப் பிரமுகர், ஜப்பான் பாசை கேட்பதற்கு இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று தாம் எதிர்பார்க்கவில்லை என்று துரைசாணியிடம் சொன்னார். துரைசாணியும் அதையே தாமும் நினைத்ததாகச் சொன்னார்.

யேசுரட்ணத்தின் நெற்றி மட்டும் வேர்த்தது. அந்தக் குளிரில். ஆனால் அவர் கெட்டிக்காரர். முன்வரிசைக்கு இங்கிலீசிலும் பின்வரிசைக்குத் தமிழிலும் மொழிபெயர்த்தார்:

"எமது மலைகளின் எழில் தமது உள்ளத்தைக் கொள்ளைகொண்டதாக மாணவி கூறுகிறார். தலைவியாரின் தாயன்பை மறவேன் என்கிறார். இக்கழகம் நீடூழி வாழ்க என்றும் வாழ்த்துகிறார்."

துரைசாணி கைக்குட்டையால் கண்ணைத் தொட்டுக்கொண்டார். கதவோரம் சிசிலி தட்டைக் கீழே வைத்தாள்.

கஸ்பர் எழுந்து நின்றுவிட்டார். "ஐயா, அந்தப் புள்ள அப்பிடிச் சொல்லலீங்களே. எம்மக எப்பப் போவும்னுல்ல கேட்டுச்சு?"

"உட்காரும்! நீர் ஜப்பானிய மொழி கற்றவரா?"

"இல்லீங்க."

"அப்படியானால் மொழிபெயர்ப்பில் தலையிடாதீர்."

வேலாயி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஒக்காருண்ணே. நாம இத்தன காலமா ஜப்பான் பாச பேசிக்கிட்டு இருந்திருக்கோம், நமக்கே தெரியல. அந்த நாடாச்சும் நம்மள எடுத்துக்குமான்னு கேளு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கஸ்பரும் சிரித்தார், சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்.

மிச்சிகோ கூட்டத்தைத் தாண்டிக் கதவுக்கு ஓடி வந்தாள். தன் பேச்சுக்கு ஏன் பதில் வரவில்லை என்று அவளுக்கு விளங்கவில்லை. "நா தப்பா சொன்னேன்?" என்று கேட்டாள்.

"இல்ல. சரியாத்தான் சொன்ன" என்றாள் சிசிலி.

மிச்சிகோ போனாள். சிசிலி குசினியில் இருந்தாள். மழை போய்ப் பனி வந்தது, பனி போய் மறுபடி மழை வந்தது. பிறகு ஒரு நாள் கஸ்பர் மூச்சிரைக்கப் பின்வாசலுக்கு வந்தார். உள்ளேயும் வராமல் நின்றார்.

"நாடு கெடச்சிருச்சும்மா."

சிசிலி கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "எதுப்பா?"

"இந்தியாவாம்."

அவளுக்குச் சந்தோசப்படுவதா என்று தெரியவில்லை. "எதுவா இருந்தா என்னப்பா. நாடு வந்துருச்சு, பாஸ்போட்டு வந்துரும். ஜப்பானுக்கு அனுப்பச் சொல்லிக் கேக்கலாம்ல?"

இருவருமாகப் போய் யேசுரட்ணத்தைக் கேட்டார்கள். அவர் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார். "இது இலங்கைக்கும் ஜப்பானுக்கும் இடையிலான பரிமாற்றம். முன்பு உமது மகளுக்கு நாடு இல்லை, ஆகவே அனுப்ப முடியவில்லை. இப்போது நாடு இருக்கிறது, ஆனால் அது இந்த நாடு இல்லை. ஆகவே இப்போதும் அனுப்ப முடியாது. விதி மாறவில்லை பாருங்கள், நீங்கள்தான் மாறிக்கொண்டிருக்கிறீர்கள்."

"ஐயா, இது பொறந்தது இங்கதானுங்க. நாங்கூட இங்கதான் பொறந்தேன்."

"அது வேறு அரசாங்கத் திணைக்களத்தின் வேலை" என்றார் யேசுரட்ணம்.

சொன்னவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு பிரகாசம். "இந்தியா! இந்தியாவும் ஆசியாவில்தானே இருக்கிறது?"

"அப்பிடிங்களா?" என்றார் கஸ்பர்.

இந்தியப் பங்கில் விழுந்தவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குக் கோச்சி, அதுதான் ரயில், போகும். அங்கிருந்து கப்பல். தலவாக்கலை ஸ்டேசனில் அந்தக் கோச்சி நிற்கிற நாளில் நீங்கள் நின்றிருக்க வேண்டாம், கண்ணுகளா, நீங்கள் நிற்காததே நல்லது. போகிறவர்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். இருக்கிறவர்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அண்ணன் ஒரு பங்கு, தம்பி ஒரு பங்கு. தகரப் பெட்டியோடு நின்ற ஒருத்தி பிளாட்பாரத்து மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஸ்டேசன் மாஸ்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த அழுகைக்கு நடுவே பாண்டு வாத்தியம் வந்தது.

கழகம் முழுவதும் வந்திருந்தது. நீளத் துணியில் 'எமது முதலாவது சர்வதேச மாணவிக்கு வாழ்த்துகள்' என்று எழுதி இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யேசுரட்ணம் மாலையோடு சிசிலியைத் தேடிப் பிடித்தார். அவள் ஒரு கையில் மூட்டையும் மறுகையில் அம்மாவுமாக நின்றாள்.

"இது என்னங்கய்யா?" என்றாள் சிசிலி.

"வழியனுப்பு வைபவம்!" அவள் கழுத்தில் மாலை விழுந்தது. யேசுரட்ணம் சபையைப் பார்த்துத் திரும்பினார். சபை என்று அங்கே இருந்தது அழுகிற சனங்கள்தான். "அன்பர்களே! எமது கழகத்தால் ஒருவரையும் வெளிநாடு அனுப்ப முடியாது என்று சிலர் ஏளனம் செய்தனர். இன்று பதில் சொல்கிறோம். இதோ, எமது மாணவி கடல் கடக்கிறார்! ஒரு மாணவி வந்தார், ஒரு மாணவி செல்கிறார். பரிமாற்றம் நிறைவெய்தியது!"

படம் பிடிப்பவர் குறுக்கே குறுக்கே ஆட்கள் வருவதாக முறையிட்டார்.

"அழுவோர் தயவுசெய்து சற்று ஒதுங்கி நின்று அழவும்" என்று யேசுரட்ணம் கேட்டுக்கொண்டார். சிசிலியிடம், "கொஞ்சம் சிரி பிள்ளை. இது உன் வாழ்க்கையில் பெரிய நாள்" என்றார்.

அவளால் சிரிக்க முடியவில்லை. கஸ்பர்தான் சொன்னதைச் செய்து பழகியவர். மகள் பக்கத்தில் வந்து நின்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பவுலின் முகத்தை மூடிக்கொண்டாள். கோச்சி ஊதியது. துரைசாணி தமக்குத் தெரிந்த தமிழில், "சீக்கிரம், சீக்கிரம்" என்றார்.

மூன்று பேரும் ஏறினார்கள். மாலை ஜன்னல் கம்பியில் மாட்டிப் பிய்ந்தது.

அப்போது வேலாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு யேசுரட்ணத்துக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் பங்கு இங்கே விழுந்திருந்தது. கேலிக்குப் பேர்போனவள் ஏதோ சொல்லப்போகிறாள் என்று இரண்டொருவர் அழுகையை நிறுத்திப் பார்த்தார்கள். அவள் முகத்தில் கேலி இல்லை.

"ஐயா, எனக்குப் படிப்பு இல்லீங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். பரிமாத்தத்துல வந்த புள்ள படிப்பு முடிச்சு அவுக வீட்டுக்குத் திரும்பிப் போயிருச்சு. எங்க புள்ள எப்பங்க எங்க வீட்டுக்குத் திரும்பி வரும்?"

பாண்டு நின்றுவிட்டது. யேசுரட்ணம் கோச்சியைப் பார்த்தார். வாழ்த்துத் துணியைப் பார்த்தார். கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார்.

"அது... அடுத்த கூட்டத்தில் ஆராயப்படும்" என்றார்.

கோச்சி நகர்ந்தது. சிசிலி ஜன்னலில் இருந்து அத்தையைப் பார்த்துக்கொண்டே போனாள். வளைவு வந்தது. பிறகு புகை மட்டும் இருந்தது.

அந்தக் கூட்டம் இன்னும் கூடவில்லை, கண்ணுகளா.

போதும், மழையும் விட்டுவிட்டது. எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் அடுப்பில் எப்போதும் கொஞ்சம் கனல் கிடக்கட்டும். நீங்கள் கேட்ட படிப்பு, நீங்கள் பிறந்த இடத்திலேயே, உங்களைத் தேடி வரட்டும். உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகிற கால்கள் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி அதே வாசலில் வந்து ஏறட்டும். நீங்கள் யார், எந்த நாடு என்று கேட்டு எவரும் அந்த வாசலில் வந்து நிற்காமல் இருக்கட்டும்.